கின்ட்சுகி: உடைந்த கிண்ணத்தை ஒட்டுவது தங்கமா, உருஷியா?

களிமண் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் விறகுச் சூளையில் சுட்ட தேநீர்க் கிண்ணம் ஒன்று இருக்கிறது. வெளிப்புறம் மெருகு பூசாத செம்பழுப்பு. உள்ளே, சூளைச் சாம்பல் உருகி ஓடியதால் வந்த பாசிப் பச்சை. அலமாரியிலிருந்து விழுந்து மூன்று துண்டுகளாகிவிட்டது. விளிம்பில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சில்லு தேடியும் கிடைக்கவில்லை.

உடைந்த பாண்டத்தைப் பொன்கோடு தெரிய ஒட்டும் ஜப்பானியக் கைவினை கின்ட்சுகி. இணையத்தில் 'கின்ட்சுகி பெட்டி' என்று விற்கிறார்கள். இரண்டு குழாய்ப் பசை, கொஞ்சம் தங்க நிறப் பொடி, ஒரு தூரிகை. ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும் என்று போட்டிருக்கிறது. அதை வைத்து ஒட்டினால் மறுபடியும் அந்தக் கிண்ணத்தில் தேநீர் குடிக்கலாமா? ஜப்பானில் செய்வதும் இதுதானா? முறையாகச் செய்வது வேறென்றால், சென்னையில் இருந்துகொண்டு அதைச் செய்ய முடியுமா? தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள்.

நெய்தல் எழுதியது:

தாராளமாக வாங்குங்கள், களிமண். உடல்நலம் சரியில்லாமல் நான் வீட்டோடு இருந்த காலத்தில் அப்படி ஒரு பெட்டியை வைத்துத்தான் ஒரு தட்டை ஒட்டினேன். கை நடுங்கியது, கோடு கோணலாக வந்தது. ஆனாலும் அந்தத் தட்டைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறேன். உடைந்ததை மறைக்காமல் பொன்னால் காட்டுவது என்ற அந்த எண்ணம்தான் முக்கியம். பசை எதுவாக இருந்தால் என்ன?

கனசாவாவாசி எழுதியது:

களிமண், குடிப்பதற்கான கிண்ணம் என்றால் அந்தப் பெட்டி வேண்டாம். அதில் வருவது எபாக்சி என்ற செயற்கைப் பசை. பொடி பெரும்பாலும் பித்தளை அல்லது மைக்கா. உணவுப் பாத்திரத்துக்கு உதவாது என்று பல பெட்டிகளின் உறையிலேயே சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். சுவரில் மாட்டும் தட்டுக்குப் போதும். சூடான தேநீர் ஊற்றி வாய் வைக்கும் விளிம்புக்குப் போதாது.

நான் ஜப்பானின் கனசாவா நகரில் வேலை பார்க்கிறேன். வார இறுதிகளில் ஒரு உருஷிப் பட்டறையில் கற்றுவருகிறேன். அங்கே எல்லாவற்றுக்கும் முன்னால் சொல்லித்தருவது, தங்கம் எதையும் ஒட்டாது என்பதைத்தான். துண்டுகளைப் பிடித்துவைப்பதும், பள்ளத்தை நிரப்புவதும், நீர் புகாமல் காப்பதும் உருஷி. எல்லாம் முடிந்தபின் மேலே தூவுவது தங்கப்பொடி. அதைத் தூவாமல் விட்டாலும் கிண்ணம் கிண்ணமாகவே நிற்கும்.

உருஷி என்பது அதே பெயர் கொண்ட மரத்தின் பட்டையைக் கீறி எடுக்கும் பால். நம் ஊர் அரக்கு பூச்சி தருவது, இது வேறு. பத்துப் பதினைந்து ஆண்டுகள் வளர்ந்த மரத்தை ஒரு பருவம் முழுக்கக் கீறினாலும் ஏறக்குறைய 200 மில்லிலிட்டர்தான் கிடைக்கும். பால் எடுத்து முடிந்ததும் மரத்தை வெட்டிவிட்டு, துளிர்த்து வருவதை மறுபடி வளர்ப்பார்கள். இன்று ஜப்பானில் புழங்கும் உருஷியில் 90 சதவீதத்துக்கும் மேல் சீனாவிலிருந்து வருகிறது. உள்நாட்டில் எடுப்பதில் பெரும்பங்கு இவாத்தே மாகாணத்து ஜோபோஜிப் பகுதியுடையது. தேசியச் செல்வங்களாக அறிவித்த பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்க உள்நாட்டு உருஷியையே பயன்படுத்த வேண்டும் என்று 2015-இல் அரசு முடிவெடுத்ததிலிருந்து அதற்கும் தட்டுப்பாடு.

இனி வேலைக்கு வருகிறேன். துண்டுகளின் விளிம்புக் கூர்மையை வைர அரத்தால் லேசாக மழுக்க வேண்டும். கோதுமை மாவில் தண்ணீர் விட்டுப் பரோட்டா மாவைப் போல இழுபடும்வரை பிசைந்து, ஏறக்குறைய அதே அளவு பதப்படுத்தாத உருஷியைச் சேர்த்துக் குழைத்தால் கிடைப்பது முகி உருஷி. அதை இரண்டு விளிம்பிலும் மெல்லிசாகத் தடவுங்கள். உடனே சேர்க்கக் கூடாது. நிறம் கறுத்து, தொட்டால் விரலை இழுக்கும் பதம் வரும்வரை காத்திருந்து அழுத்திச் சேர்த்து, நாடா ஒட்டி அசையாமல் வைக்க வேண்டும். உள்வரை இறுக இரண்டு வாரமாவது ஆகும். ஒரு மாதம் விட்டால் இன்னும் நல்லது.

பிதுங்கி நிற்பதைக் கத்தியால் சீவியபின், பள்ளங்களுக்குச் சபி உருஷி. நைசான களிமண் பொடியை நீரில் குழைத்து உருஷி சேர்த்த பசை அது. உங்கள் விளிம்புச் சில்லுக்கும் அதுதான். ஒரே தடவையில் அப்பினால் மேலே காய்ந்து உள்ளே காயாமல் நிற்கும். மெல்லிய படலங்களாக, ஒவ்வொன்றையும் காயவைத்துத்தான் ஏற்ற வேண்டும். பிறகு நீர் தொட்டுத் தேய்த்துச் சமன் செய்து, கறுப்பு உருஷி பூசி, மறுபடி தேய்ப்பது. இத்தனையும் முடிந்தால்தான் தங்கத்துக்கு வரலாம்.

சென்னையைப் பற்றிக் கேட்டீர்கள். இந்த விஷயத்தில் நீங்கள் கொடுத்துவைத்தவர். உருஷி மற்றப் பூச்சுகளைப் போல ஆவியாகிக் காய்வதில்லை. அதிலுள்ள லாக்கேஸ் என்ற நொதி காற்றின் ஆக்சிஜனைக் கொண்டு பாலை இறுகவைக்கிறது. அந்த நொதியே முதன்முதலில் அறியப்பட்டது உருஷிப் பாலில்தான். 1883-இல் யோஷிதா ஹிகொரோகுரோ என்ற ஜப்பானிய வேதியியலாளர் அதை எழுதிவைத்தார். அது வேலை செய்ய 20 முதல் 30 டிகிரி வெப்பமும், 70 முதல் 85 சதவீத ஈரப்பதமும் வேண்டும். இங்கே குளிர்காலத்தில் அதற்காக முரோ என்ற பெட்டிக்குள் ஈரத்துணி வைத்துப் பாடுபடுகிறோம். கடலோரச் சென்னைக்கு அது ஆண்டில் பெரும்பாலான நாள் இயல்பான காற்று. ஆனால் கோடையில் மிக விரைவாகக் காய்ந்தால் பூச்சு சுருங்கிச் சுருக்கம் விழும், நிறமும் கறுத்துவிடும். மெல்லிசாகப் பூசுவதுதான் ஒரே மருந்து.

மூலிகைத்தோட்டம் எழுதியது:

இடைமறித்து ஒரு எச்சரிக்கை. உருஷி மரம் மா, முந்திரி, சேங்கொட்டை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. மாங்காய்க் காம்பின் பால் பட்டு வாயோரம் புண்ணாவதைப் பார்த்திருப்போம். சேங்கொட்டைச் சாறு பட்டால் தோல் கொப்பளித்துவிடும். உருஷியில் உள்ள உருஷியால் அதே வகைப் பொருள். சிலருக்குப் பட்ட அன்று ஒன்றும் தெரியாது. ஓரிரு நாள் கழித்து மணிக்கட்டிலும் கண்ணிமையிலும் அரிப்பும் வீக்கமும் தொடங்கும். மாங்காய்ப் பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் இதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

கனசாவாவாசி எழுதியது:

மிகச் சரியாகச் சொன்னீர்கள், நன்றி. கையுறையும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம். தோலில் பட்டால் முதலில் சமையல் எண்ணெய் தேய்த்துத் துடையுங்கள், பிறகு சோப்பு. எண்ணெய் கலந்தால் உருஷி இறுகாது. தூரிகையைக் கழுவுவதும் எண்ணெயில்தான். அதே காரணத்தால், ஒட்டப்போகும் விளிம்பில் எண்ணெய்ப் பிசுக்கு ஒரு துளிகூட இருக்கக் கூடாது. முழுவதும் இறுகிய உருஷி தோலுக்கும் உணவுக்கும் தீங்கற்றது. ஜப்பானியர் தினமும் சூப் குடிக்கும் மரக்கிண்ணங்கள் உருஷி பூசியவைதானே.

வண்டல் எழுதியது:

நான் புதுச்சேரிப் பக்கம் சக்கரத்தில் வேலை செய்கிறவள். 1971-இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் இங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கியதிலிருந்து உயர்வெப்பத்தில் சுடும் பாண்டங்கள் இந்த ஊரில் வேர்பிடித்தன. டெபோரா ஜப்பானில் மட்பாண்டக் கலை பயின்று வந்தவர். அதனால் ஜப்பானியக் கிண்ணங்களைப் பற்றிய பேச்சு எங்கள் களங்களில் புதிதல்ல.

களிமண், உங்கள் கிண்ணம் விறகுச் சூளையில் சுட்டது என்கிறீர்கள். அப்படியானால் 1,250 டிகிரிக்கு மேல் பார்த்த மண்ணாக இருக்கும். உடைந்த முகத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். அப்படியே முத்தாக நின்றால் இறுகிச் சுட்ட மண். உறிஞ்சிக்கொண்டால், ஒட்டுவதற்கு முன்பே விளிம்புக்கு நீர்த்த உருஷியைப் பூசித் துடைத்து அடைக்க வேண்டும். ராகு என்ற ஜப்பானிய வகைக் கிண்ணங்கள் குறைந்த வெப்பத்தில் சுட்டவை, அவை குடித்துக்கொண்டே போகும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 'கின்ட்சுகிப் பட்டறை' என்று விளம்பரம் செய்து, புத்தம் புதுக் கோப்பையை ஆளுக்கொன்று கொடுத்து, சுத்தியலால் உடைக்கச் சொல்லி, பிறகு தங்க நிறப் பசையால் ஒட்டவைக்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது. மண்ணைப் பிசைந்து காற்றுக்குமிழ் நீக்கி, சக்கரத்தில் ஏற்றி, காயவைத்து, அடி சீவி, ஒருமுறை சுட்டு, மெருகு தோய்த்து, மறுபடி சுட்டு எடுத்த பொருள் அது. அதை உடைப்பதற்கென்றே வாங்குவதில் என்ன மரியாதை இருக்கிறது?

உடைப்பைப் போற்றுவது என்றால் எனக்கு நினைவுக்கு வருவது ஜப்பானியக் கலைஞர் ஹொனாமி கோயெட்சுதான். 1558 முதல் 1637 வரை வாழ்ந்தவர். அவருடைய 'செப்போ' என்ற சிவப்பு ராகு கிண்ணம் டோக்கியோவில் ஹத்தாகெயாமா அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. உருண்டையான உடல், வாயிலிருந்து வழியும் வெள்ளை மெருகு. அதன் விரிசல்கள் யாரும் கீழே போட்டு உண்டானவை அல்ல. சூளையிலேயே வாயிலும் அடியிலும் பிளந்தது. எங்களைப் போன்றவர்கள் கழிவுக் குவியலில் போடும் கிண்ணம். அவர் அதை எடுத்துவைத்து, பிளவை உருஷியால் நிரப்பித் தங்கம் இடவைத்து, பனி மூடிய சிகரம் என்று பெயரிட்டார். வெள்ளை பனியானது, பொன்கோடு பனி உருகி ஓடும் நீரானது. சூளை கெடுத்ததைத் தன் கிண்ணத்தின் பகுதியாக ஏற்றுக்கொண்டாரே, அந்தத் துணிவு எனக்கு இன்னும் வரவில்லை.

நெய்தல் எழுதியது:

வண்டல் அக்கா, நீங்கள் சொன்ன பட்டறைகளை நானும் ஏற்கவில்லை. ஆனால் கனசாவாவாசி தங்கத்தை வெறும் மேல்பூச்சாகச் சொல்வதை ஏற்க மனம் வரவில்லை. ஜப்பானிய அரசர் ஒருவர் உடைந்த கிண்ணத்தைச் சீனாவுக்கு அனுப்பினார், அது அசிங்கமான உலோகக் கொக்கிகளோடு திரும்பி வந்தது, அது பிடிக்காமல் அவருடைய கைவினைஞர்கள் தங்கத்தால் ஒட்டினார்கள், அப்படித்தான் இந்தக் கலை பிறந்தது என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறதே. தொடக்கத்திலேயே தங்கம்தானே காரணம்?

பழஞ்சுவடி எழுதியது:

நெய்தல், அந்தக் கதையில் வரும் கிண்ணம் இன்றும் இருக்கிறது. டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். 'பகோஹான்' என்பது அதன் பெயர். சீனாவின் லாங்சுவான் சூளைகளில் 13-ஆம் நூற்றாண்டில் செய்த, செலடான் என்ற பச்சை மெருகிட்ட கிண்ணம். வெளிர் நீலப்பச்சை, ஆறு இதழ்ப் பூவைப் போன்ற வாய். அதில் ஒரு துளித் தங்கமும் கிடையாது. அந்த உலோகக் கொக்கிகள் இன்றுவரை அதன் உடலிலேயே இருக்கின்றன.

1727-இல் இட்டோ தோகாய் என்ற அறிஞர் அந்தக் கிண்ணத்தின் வரலாற்றை எழுதிவைத்தார். அதன்படி, 15-ஆம் நூற்றாண்டின் ஷோகுன் அஷிகாகா யோஷிமாசா (அரசர் அல்ல, படைத்தலைமை ஆட்சியாளர்) அடியில் விரிசல் கண்ட அந்தக் கிண்ணத்தைச் சீனாவுக்கு அனுப்பி, இதற்கு ஈடாக வேறொன்று கேட்டார். இந்தத் தரத்தில் இனிச் செய்ய முடியாது என்று அன்று சீனாவை ஆண்ட மிங் தரப்பினர் கொக்கி போட்டுத் திருப்பி அனுப்பினார்கள். ஜப்பானியர் அதை அசிங்கம் என்று ஒதுக்கவில்லை. அந்தக் கொக்கிகளுக்காகவே அதைக் கொண்டாடினார்கள், பெயரும் அந்தக் கொக்கிகளை வைத்தே வந்தது. கொக்கி பிடிக்காமல் தங்கம் பிறந்தது என்பது பின்னால் ஒட்டவைத்த கதை.

உருஷியால் பானை ஒட்டுவது அதைவிட மிகப் பழையது. வரலாற்றுக்கு முந்தைய ஜோமோன் காலத்து மட்பாண்டங்களிலேயே அந்த ஒட்டு கிடைத்திருக்கிறது. தங்கம் சேர்வது பிற்பாடு, தேநீர்ச் சடங்கு வளர்ந்த காலத்தில். உருஷி மேல் தங்கப்பொடி தூவிச் சித்திரம் எழுதும் மாகியே என்ற கைவினை ஏற்கெனவே பல நூற்றாண்டுகளாகக் கையில் இருந்தது. அதே கைகள், அதே பொடி, இப்போது விரிசலின் மேல்.

மறைப்பதற்காகவே செய்த உருஷி வேலையும் உண்டு. 'சுகுமோ நாசு' என்ற சிறு தேயிலைச் சாடியை எடுத்துக்கொள்ளுங்கள். ஓடா நொபுனாகா, ஹிதெயோஷி முதலிய பெரும்புள்ளிகளின் கையில் இருந்தது. 1615-இல் ஒசாகா கோட்டை எரிந்து விழுந்தபோது இடிபாட்டில் நொறுங்கியது. கோட்டையை வென்ற தோகுகாவா இயேயாசு கட்டளைப்படி, ஃபுஜிஷிகே தோகென், தோகான் என்ற உருஷிக் கைவினைஞர்களான தந்தையும் மகனும் சாம்பலைக் கிளறிச் சில்லுகளைப் பொறுக்கி ஒட்டினார்கள். இன்று செய்காதோ அருங்காட்சியகத்தில் இருக்கும் அதைக் கண்ணால் பார்த்தால் உடைந்த பொருளென்றே தெரியாது. மெருகைப் போலத் தெரிவதே உருஷிதான். உள்ளே எத்தனை சில்லுகள் என்பது எக்ஸ் கதிர்ப் படத்தில்தான் தெரிந்தது.

வண்டல் எழுதியது:

ஐயா, சுகுமோ நாசு பற்றி இவ்வளவு விரிவாகக் கேட்பது இதுவே முதல் முறை. மெருகின் பளபளப்பை உருஷியால் கொண்டுவந்தார்கள் என்றால், தங்கக் கோடு போடுவதைவிட அது பல மடங்கு கடினமான வேலை.

பழஞ்சுவடி எழுதியது:

உண்மை, அம்மா. ஆனால் வேண்டுமென்றே உடைப்பதைப் பற்றி நீங்கள் சொன்னதற்கு ஒரு சங்கடமான முன்னுதாரணம் இருக்கிறது. தேநீர் ஆசான் ஃபுருதா ஒரிபே, பெரிய கொரியக் கிண்ணம் ஒன்று தன் ரசனைக்கு அளவு மிஞ்சியது என்று குறுக்கும் நெடுக்குமாக வெட்டி, சிறிதாக்கி ஒட்டவைத்தார் என்பது மரபுவழிச் செய்தி. சிலுவைக்கோடு தெரியும் அந்தக் கிண்ணம் டோக்கியோவின் மிட்சுயி நினைவு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

வண்டல் எழுதியது:

ஒரிபே செய்தாலும் எனக்கு ஒப்பாது. அந்தக் கொரியக் குயவர் தன் கைக்குச் சரியென்று பட்ட அளவில்தான் அதை வனைந்திருப்பார். அவரிடம் யார் கேட்டார்கள்?

நெய்தல் எழுதியது:

பகோஹான் கதையைத் தெளிவாக்கியதற்கு நன்றி, ஐயா. கொக்கியையே கொண்டாடினார்கள் என்பது நான் நம்பியதைவிட அழகாக இருக்கிறது. இருந்தாலும் என் கேள்வி தீரவில்லை. நோயிலிருந்து மீண்டு வரும் ஒருவருக்கு மாதக்கணக்கில் உருஷி காயக் காத்திருக்கத் தெம்பு இருக்காது. எனக்கு அன்று இருக்கவில்லை. ஒரு மாலையில் முடிந்த அந்தத் தட்டுதான் என்னை மறுநாள் எழுந்து உட்காரவைத்தது. அதைப் போலி என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

கனசாவாவாசி எழுதியது:

சகோதரி, உங்கள் தட்டைப் போலி என்று நான் சொல்லமாட்டேன். அது உங்களுக்குச் செய்ததை எந்த உருஷியும் செய்திருக்காது. என் வருத்தம் விற்பவர்கள் மேல். ஒரு மணி நேரத்துப் பசைக்கு இந்தக் கைவினையின் பெயரைச் சூட்டும்போது, மரத்தைக் கீறுகிறவர் முதல் பொடி அரைக்கிறவர் வரை அத்தனை பேரும் கண்ணிலிருந்து மறைந்துபோகிறார்கள்.

2024 ஜனவரி 1 அன்று நோட்டோ தீபகற்பத்தில் வந்த நிலநடுக்கம் இங்கிருந்து வடக்கே. வாஜிமா நகரின் உருஷிப் பட்டறைகள் பல இடிந்தன, காலைச்சந்தைத் தெரு எரிந்தது. சுசூவில் கரும்பாண்டம் சுடும் சூளைகள் சரிந்தன. அதன்பின் எங்கள் பட்டறைக்கு உடைந்த பாத்திரங்களோடு வந்தவர்களில் பலர் தங்கத்தைப் பற்றிப் பேசவே இல்லை. இதில் மறுபடியும் சோறு போட்டுச் சாப்பிட முடியுமா என்று மட்டும் கேட்டார்கள். கறுப்பு உருஷிக் கோட்டோடு வாங்கிப் போனார்கள்.

தங்கத்தின் மேல் எனக்குப் பகை ஒன்றுமில்லை. நாட்டின் தங்கத்தாளில் ஏறக்குறைய முழுவதும் இந்தக் கனசாவாவில் அடிக்கப்படுகிறது. அதை அரைத்தெடுக்கும் கெஷிஃபுன் என்ற நுண்பொடியைத்தான் என்னைப் போன்ற மாணவர்கள் பயன்படுத்துகிறோம். தூவும் நேரம்தான் இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது. இரும்புச் செந்தூள் கலந்த சிவப்பு உருஷியில், ஒட்டின் மேல் மயிரிழைக் கோடு இழுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவ்வப்போது அருகில் குனிந்து வாயால் ஆவி ஊதிப் பார்ப்போம். கோட்டின் மேல் ஒரு கணம் நீலம் பூத்து மறைந்தால் பதம் வந்துவிட்டது. அதற்கு முன்னால் தூவினால் பொடி மூழ்கி மங்கிப்போகும், பிந்தினால் ஒட்டாமல் உதிரும். பதம் வந்ததும் பட்டுப்பஞ்சில் பொடியைத் தொட்டு, கோட்டின் ஓரத்திலிருந்து மெல்ல உருட்டிக்கொண்டு போனால், சிவப்பு ஒவ்வோர் அங்குலமாகப் பொன்னாக மாறும். கொஞ்சம் தடித்த பொடி என்றால், இறுகியபின் அகேட் கல்லால் தேய்த்து மின்னவைக்கலாம். முன்பு கடல்மீன் பல்லைப் பயன்படுத்தினார்கள்.

களிமண் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. வண்டல் அக்கா சொன்னபடி உடைந்த முகத்தில் தண்ணீர்ச் சொட்டு வைத்துப் பார்த்தேன். முத்தாக நின்றது. எனக்கு மாங்காய்ப் பாலும் ஒத்துக்கொள்ளும். ஆகவே உருஷியில் செய்வதென்று முடிவு செய்துவிட்டேன்.

இரண்டு சந்தேகம். தொலைந்த சில்லின் இடத்தில் வேறொரு பாண்டத்தின் சில்லை வைக்கிறார்களாமே, அது எனக்குச் சரிவருமா? இந்தச் செம்பழுப்புக்குத் தங்கம் பொருந்துமா?

வண்டல் எழுதியது:

அது யொபிட்சுகி. பெரிய துண்டே காணாமல் போனால் அழகாக இருக்கும். நகம் அளவு இடத்துக்கு வேண்டாம், வாயில் உறுத்தும். நிறத்தைப் பொறுத்தவரை, கிண்ணத்தைச் செய்தவரைக் கேட்க முடிந்தால் கேளுங்கள். முடியாவிட்டால் என் எண்ணம் இது: விறகுச் சாம்பல் பட்ட செம்பழுப்பில் பளிச்சென்ற தங்கம் முந்திக்கொண்டு நிற்கும். கறுப்பில் விட்டால் பச்சையும் பழுப்பும் தங்கள் இடத்திலேயே இருக்கும்.

பழஞ்சுவடி எழுதியது:

அவசரத்துக்கென்று இப்போது எந்தப் பசையையும் தொட்டுவிடாதீர்கள். இறுகிய உருஷியைக் கரைப்பான்களால் எடுப்பது மிகக் கடினம். அதனால்தான் அருங்காட்சியகங்களில் பழுதுபார்ப்பவர்கள், பின்னால் அசிட்டோனில் கரைத்து எடுக்கக்கூடிய பாராலாய்டு பி-72 போன்ற பசைகளை விரும்புகிறார்கள். உங்களுடையது புழங்கும் கிண்ணம், அதற்கு உருஷி பொருத்தமே. ஆனால் ஒருமுறை ஒட்டினால் ஒட்டினதுதான். பசையில்லாமல் துண்டுகளைச் சேர்த்துப் பார்த்து, எதை முதலில் வைத்தால் கடைசித் துண்டு நுழையும் என்று பென்சிலால் எண்ணிட்டுக்கொள்ளுங்கள்.

கனசாவாவாசி எழுதியது:

அக்கா சொன்னதே என் கருத்தும். கறுப்போடு நிறுத்தி, சில காலம் குடித்துப் பாருங்கள். தங்கம் வேண்டுமென்று தோன்றினால் எந்த ஆண்டிலும் அதே கோட்டை லேசாகத் தேய்த்துச் சிவப்பு உருஷி இட்டுப் பொடி தூவலாம். ஒட்டை அவிழ்க்க வேண்டியதில்லை. மைக்ரோவேவிலும் பாத்திரம் கழுவும் எந்திரத்திலும் மட்டும் வைக்கக் கூடாது. நேர்வெயிலில் காயவைத்தால் உருஷி மங்கிவிடும், நிழலே போதும்.

கிண்ணத்தைத் தொடுவதற்கு முன், வீட்டில் ஏதாவது உடைந்த தட்டு இருந்தால் அதில் முகி உருஷியைக் குழைத்துப் பழகுங்கள். துண்டுகளைத் தனித்தனியே தாளில் சுற்றி வையுங்கள், விளிம்புகள் உரசினால் நுனி உதிரும். சில்லுப் போன விளிம்பை உள்ளும் புறமுமாகப் படமெடுத்து இங்கே போடுங்கள். எத்தனை ஆழம் என்று பார்த்துவிட்டு, சபி உருஷி மட்டும் போதுமா, அடியில் மரத்தூள் கலந்த தடித்த பசை வேண்டுமா என்று சொல்கிறேன்.